மிச்சமெல்லாம் ஆக்சிஜன்

சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனால் ஐவி ட்ரெவின் மலையைப் பார்த்துத் திட்டுவாள். மலை என்ன பாவம் செய்தது? அவள் திட்டினது ஓடிப்போன புருஷனை. கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் மலைதான் நின்றது, அதனால் திட்டு மலைமேல் போய் விழுந்தது.

"எங்கடா இருக்க, ஜாகோ? எந்தப் பட்டணத்துல எவ கையால தின்னுக்கிட்டு இருக்க? ஒழுங்கா பதில் சொல்லு. வாய் இருக்குல்ல?"

தேவாலயத் தெருப் பெண்களுக்கு அதுதான் கடிகாரம். ஐவி ஆரம்பித்துவிட்டாள், கெட்டிலை அடுப்பில் வை என்பார்கள். இருபது வருஷம் ஒரே ஆளை ஒரே இடத்தில் நின்று திட்டுவதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும். எனக்கெல்லாம் இரண்டாம் வாரமே அலுத்துப்போயிருக்கும்.

சில நாள் அவள் திட்டி முடித்ததும் மலைக்குள்ளிருந்து தட்டல் கேட்கும். டொக், டொக் என்று. எங்கள் சென்னன் ஊரில் அது புதிதில்லை. ஊரைச் சுற்றி ஈயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் தோண்டிப் போட்ட பழைய சுரங்கங்கள்தான். உள்ளே முட்டுக் கொடுத்த மரங்கள் இற்று முறியும், பாறை இறங்கும். முதல் வருஷக் குளிர்காலத்தில், அவள் திட்டத் தொடங்கிய புதிதில், அந்தத் தட்டல் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. "பாரு, மலையே ஆமாங்குது" என்று ஐவி அப்போது சிரித்தாளாம்.

அவளுடைய நாத்தனார் தாம்சின் சிரிக்கவில்லை. ஜாகோவின் அக்கா அவள். கல்யாணம் ஆகாதவள், அப்பா கட்டின அந்த வீட்டிலேயே கிடந்தவள். கார்ன்வாலிலிருந்து கப்பலேறி டாஸ்மேனியாவுக்கு வந்த அவர்கள் பாட்டன் கூட்டம் சட்டி பெட்டியோடு ஒரு நம்பிக்கையையும் கொண்டுவந்திருந்தது. சுரங்கத்துக்குள் தட்டுவது குட்டி ஆட்கள், அவர்களுக்குப் பசி, பேஸ்ட்டியின் ஓரத்தைப் பிய்த்து வைத்துவிட்டால் சாந்தமாகிவிடுவார்கள், அவர்களைப் பற்றி வெளியே பேசக் கூடாது, தேடிப் போகவும் கூடாது. தாம்சின் வேலிக் கம்பத்தின் மேல் ஓரத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவாள்.

பேஸ்ட்டி என்றால் இறைச்சியும் உருளைக்கிழங்கும் மடித்து வைத்துச் சுடுகிற மாவுப்பண்டம். யாருடையது யாருக்கு என்று தெரிய ஒரு மூலையில் மாவால் அவரவர் பேரின் ஆங்கில முதலெழுத்தை ஒட்டுவது வழக்கம். தாம்சின் சனிக்கிழமை தோறும் மூன்று சுடுவாள். ஒன்றில் ஐ, ஒன்றில் டி, ஒன்றில் ஜே. ஜே எழுதினது மறுநாள் கோழிக்குப் போகும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சுடுவாள். "வந்து நிக்கும்போது சூடா இல்லைன்னா அவன் சாப்பிட மாட்டான்" என்பாள். ஐவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜாகோ போன கதை ஊருக்கே மனப்பாடம். போருக்கு முந்தின ஆகஸ்டு, எங்கள் பக்கம் அது குளிர்காலம், நல்ல மழை. அன்று காலை ஐவி தரையைக் கழுவி வைத்திருக்க, அவன் சேற்று பூட்ஸோடு உள்ளே வந்தான். இடது குதிகாலில் அவனே கோணலாக அடித்த லாடத் தகடு போகிற இடமெல்லாம் தரையைக் கீறும். "அந்த பூட்ஸோட இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அவள் கத்தினாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் மழைக்கோட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். அதே வாரம் ஓட்டலில் மது ஊற்றிக்கொடுக்கும் பெண் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு ரயிலேறினாள். அவ்வளவு போதாதா? ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்து, இரண்டு பேரையும் மெல்பர்னில் குடித்தனம் வைத்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஐவியும் அந்தக் கணக்கைத்தான் நம்பினாள். கோபப்பட ஒரு ஆள் இருப்பது எவ்வளவோ தேவலை.

"உன் நாக்குக்குப் பயந்துதான் என் தம்பி ஓடினான்" என்பாள் தாம்சின்.

"உன் வளர்ப்பு அப்படி" என்பாள் ஐவி.

இப்படி இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு காலம் தள்ளினார்கள். கொல்லைக்குப் பின்னால் பழைய சுரங்க வாய் ஒன்றிலிருந்து துருச் சிவப்பில் ஒரு வாய்க்கால் ஒழுகி வரும். அந்தத் தண்ணீரில் தாம்சின் முட்டைக்கோஸ் போட்டாள். மனுஷத் தலை தலையாகக் காய்த்தது. தெருவெல்லாம் வாங்கிப்போய்ச் சாப்பிட்டோம், நானும்தான்.

போர்க்காலத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனபோது ஐவி சுரங்கக் கம்பெனி சோதனைக்கூடத்தில் குப்பி கழுவப் போய், மெல்லத் தராசும் பிடித்தாள். போர் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். அவள் கையிலிருந்த தராசைப் பிடுங்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தலைமை ரசாயனர் ஆல்டஸ் நல்ல மனிதர். படித்தவர், ஆனால் படித்த திமிர் கிடையாது. தனக்குத் தெரிந்ததை எல்லாம் அவளுக்குக் கொட்டிக் கொடுத்தார்.

வேலை ஒன்றும் மாயமில்லை. கல்லைப் பொடித்துக் கரைத்து, அதில் இரும்பு நூற்றுக்கு எத்தனை பங்கு, கந்தகம் எத்தனை பங்கு என்று எடையில் பிரிப்பது. ஆனால் எடை மட்டும் தெரிந்தால் பொருள் என்னவென்று தெரியாது. ஒரு மூட்டையில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் இத்தனை இத்தனை எடை என்றால், ஒரு கிழங்கின் எடையாலும் ஒரு பட்டாணியின் எடையாலும் வகுத்தால்தானே எத்தனை கிழங்குக்கு எத்தனை பட்டாணி என்று வரும்? அதே மாதிரி ஒவ்வொரு பங்கையும் அதனதன் அணு எடையால் வகுத்து, வந்ததைச் சின்ன முழு எண்களாகச் சுருக்கினால் அந்தப் பொருளின் வாய்பாடு நிற்கும்.

இதில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஆக்சிஜனைத் தனியே பிடித்து நிறுக்க அந்தக் கூடத்தில் வசதி இல்லை. அதனால் மற்றதையெல்லாம் நிறுத்துக் கூட்டி, நூறில் கழித்து, மிச்சத்தை ஆக்சிஜன் என்று எழுதிவிடுவார்கள். உலகமெங்கும் அப்படித்தானாம். "நமக்குப் பிடிபடாததுக்கெல்லாம் ஒரே பேரு, ஐவி" என்று ஆல்டஸ் வேடிக்கையாகச் சொல்வார்.

ஜாகோ போன இருபதாம் வருஷம், ஒரு செப்டம்பர் காலை பாட்ரிக் டூலி புகையிலை டப்பா ஒன்றோடு சோதனைக்கூட வாசலில் வந்து நின்றான். வயசான ஆள். கம்பெனியில் சேராமல் தனியாக மலை மலையாய் ஏறி உலோகம் தேடுகிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம்: எங்கே எடுத்தது என்று பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது. கூடத்திலும் கேட்கக் கூடாது.

"ஐவி கண்ணு, செம்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. உனக்கு இறகு வச்ச தொப்பி வாங்கித் தர்றேன்."

"போன தடவையும் தொப்பிதான் சொன்ன. என் தலை இன்னும் மொட்டையாத்தான் இருக்கு. தொற."

டப்பாவில் ஒரு பிடி படிகச் சில்லு. மங்கின நீலம். ஓரத்தில் இன்னும் கண்ணாடி வெள்ளை.

டூலி குரலைத் தாழ்த்தினான். "எடுக்கும்போது எல்லாமே வெள்ளை, ஐவி. விளக்கு வெளிச்சத்துல பளபளன்னு வெள்ளை. வீட்டுல ஜன்னல்கிட்ட வச்சுட்டு டீ போட்டுட்டு வந்தேன். நீலமா மாறிக்கிட்டு இருக்கு. யாரோ உள்ளேருந்து முழிச்சுப் பாக்கற மாதிரி. எனக்கு டீ இறங்கலை."

"குடிச்சிருந்த."

"காலையிலயா?"

நீலத்தைப் பார்த்தால் செம்பு என்பது எங்கள் ஊர் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறினது. அவன் போனதும் ஐவி ஒரு சில்லைக் கரைத்து அமோனியா ஊற்றினாள். செம்பாக இருந்தால் பேனா மை மாதிரி அடர்ந்த நீலம் வந்திருக்க வேண்டும். அழுக்குப் பச்சையாய்க் கசடு தங்கியது. செம்பு துளிகூட இல்லை. நிறைய இரும்பு. அப்புறம் வேறொரு மருந்தை ஊற்றியதும் மஞ்சளாய் ஒரு படிவு வந்தது. பாஸ்பரஸ்.

நிறுத்தாள். இரும்பு நூற்றுக்கு முப்பத்து மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. பாஸ்பரஸ் பன்னிரண்டும் கொஞ்சமும். வகுத்துப் பார்த்தால் மூன்று இரும்புக்கு இரண்டு பாஸ்பரஸ், பிசகில்லாமல் வந்தது. மிச்சம் ஐம்பத்து நாலு பங்கு. வழக்கம்போல ஆக்சிஜன் என்று போட்டு வகுத்தாள். பதினேழு வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. திரும்பச் செய்தாள். திரும்பவும் பதினேழு.

ஆல்டஸ் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ரெண்டு பாஸ்பரஸ் எட்டு ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும். மீதி ஒம்பது எங்க நிக்கும், கூரை மேலயா? இப்படி ஒரு பொருள் கிடையாதும்மா. உங்க எடை சரி. மிச்சத்துக்குள்ள வேற எதுவோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. அதுக்குத்தான் ஆக்சிஜன்னு தப்பாப் பேர் வச்சுட்டீங்க."

ஐவி மறுபடி உட்கார்ந்தாள். இம்முறை சில்லைக் கண்ணாடிக் குழாயில் இட்டு மெல்லச் சூடு காட்டினாள். குழாயின் குளிர்ந்த பக்கத்தில் முத்து முத்தாய் வியர்த்தது. அதை ஈரம் குடிக்கும் உப்பில் பிடித்து நிறுத்தாள். கல்லுக்குள் நூற்றுக்கு இருபத்தெட்டரைக்கு மேல் வெறும் தண்ணீர். அதைக் கழித்துவிட்டு வகுத்ததும் எல்லாம் சட்டென்று இடத்தில் போய் உட்கார்ந்தன. மூன்று இரும்பு, இரண்டு பாஸ்பரஸ், எட்டு ஆக்சிஜன், எட்டுத் தண்ணீர்.

"இதுதான்" என்றார் ஆல்டஸ். "இருட்டுல வெள்ளையா இருக்கும், வெளிச்சம் பட்டா நீலமாகும். டூலி பொய் சொல்லலை. இரும்பு நம்ம மலைத் தண்ணியில கொட்டிக் கிடக்கு. பாஸ்பரஸ்தான் நம்ம பாறையில கிடையாது. எலும்புலேருந்து வந்திருக்கும். குதிரையோ எதுவோ உள்ள மாட்டிக்கிட்டுச் செத்திருக்கும். ஈரத்துல வருஷக்கணக்காக் கிடந்தா எலும்பு மேல இப்படிப் பூக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். டப்பாவின் அடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த கடைசி வெள்ளைச் சில்லு ஐவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் அவள் டூலியின் குடிசைக்குப் போனாள்.

"செம்பு இல்லை. தொப்பி வேண்டாம். எங்க எடுத்த?"

"அதைக் கேக்கக் கூடாது, உனக்குத் தெரியும்."

"சரி. எங்கன்னு கேக்கலை. எதுலேருந்து சுரண்டின?"

டூலி அடுப்பைக் கிளறினான். கிளறிக்கொண்டே இருந்தான்.

"டூலி."

"ஒரு பழைய பூட்ஸ்ல படிஞ்சிருந்துச்சு. சுரங்கத்துல பூட்ஸ் கிடக்கிறதில்லையா?"

"பூட்ஸுக்குள்ள காலு இருந்துச்சா?"

"நான் பாக்கலை, ஐவி. பாக்கக் கூடாதுன்னுதான் பாக்கலை." அவன் கிளறுகோலைக் கீழே வைத்தான். "உள்ள பாறை சரிஞ்சு அடைச்சுக் கிடந்த இடம். இந்தக் குளிர்கால மழையில கொஞ்சம் அரிச்சு வழி விட்டிருக்கு. விளக்கைத் தாழ்த்திக்கிட்டு, கைக்கு எட்டினதை உடைச்சு டப்பாவுல போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"எந்த வாய்?"

"வேண்டாம்."

"அடுத்த வாரம் கம்பெனிக்காரன் பழைய வாயையெல்லாம் சிமெண்ட் வச்சு அடைக்கப் போறான். உள்ள இருக்கிறது மனுஷன்னா அவனையும் சேத்து அடைக்கச் சொல்றியா? யாரோட புருஷனோ, யாரோட தம்பியோ."

டூலி அவளை நிமிர்ந்து பார்த்தான். "உள்ள நின்னா உன் குரல் கேக்குது" என்றான்.

"என்ன?"

"அதை எடுத்த அன்னிக்குச் சாயங்காலம் அங்கதான் இருந்தேன். நீ துணி எடுக்க வந்த. எங்கடா இருக்க ஜாகோன்னு கேட்ட. என் காதுக்குள்ள வாயை வச்சுக் கேட்ட மாதிரி கேட்டுச்சு, ஐவி. பாறையில எங்கயோ வெடிப்பு இருக்கு போல. ஒவ்வொரு வார்த்தையும் வந்துச்சு. எனக்கு முடி நட்டுக்கிட்டு நின்னுச்சு. உங்க கொல்லைக்குப் பின்னாலதான் அந்த வாய்."

ஐவி அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்து வெளிச்சமான பிறகு, தாம்சின் பக்கத்து ஊர்க் கடைக்கு ரயிலேறின நேரம் பார்த்து, ஐவியும் டூலியும் வேலியைத் தாண்டினார்கள். சுரங்க வாயை மரப்பெரணிச் செடி மூடியிருந்தது. விலக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தார்கள். சிவப்புத் தண்ணீர் கணுக்கால் வரை ஓடியது. முட்டைக்கோஸுக்குப் பாய்கிற அதே தண்ணீர். சரிவில் இருந்த பொந்து வழியாக முதலில் டூலியும், பின்னால் அவளும் தவழ்ந்தார்கள்.

உள்ளே காற்று அசையவில்லை. டூலி விளக்கைத் தூக்கினான். சுவரோரம் சேற்றில் சாய்ந்தாற்போல் அது இருந்தது. துணி இற்று, மழைக்கோட்டின் பித்தான்கள் மட்டும் வரிசையாக நின்றன. அதன்மேலெல்லாம் வெள்ளைப் படிகம் பூத்திருந்தது, கல்யாணக் கேக்கில் சர்க்கரை பூத்த மாதிரி. பார்க்க அழகாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. குனிந்து பூட்ஸின் குதிகாலைப் பார்த்தாள். இடது கால். கோணலாய் ஒரு லாடத் தகடு.

அவன் ஓடவில்லை. ஒருத்தியோடும் போகவில்லை. எவனுக்கும் சொல்லாமல் தனக்கென்று ஒரு உலோக நரம்பு தேடி, வீட்டுக்குப் பின்னாலேயே நுழைந்திருக்கிறான். சரிந்த பாறை அவன் மேல் விழவில்லை. வழியை மட்டும் அடைத்திருக்கிறது.

"ஐவி, வா போகலாம்" என்றான் டூலி. அவள் அவன் விளக்கைப் பிடித்து மேலே திருப்பினாள்.

கைப்பக்கம் ஒரு சுத்தியல் கிடந்தது. அதற்கு நேரே சுவரில், உட்கார்ந்த ஆளின் தோள் உயரத்தில், பாறை குழிந்திருந்தது. ஒரு சூப்புக் கிண்ணம் வைக்கலாம், அந்த அளவு. கொத்தின குழி இல்லை. தட்டித் தட்டி, தட்டித் தட்டி விழுந்த குழி.

முதல் குளிர்காலம் அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது. அவள் வேலியோரம் நின்று கத்தினாள், எங்கடா இருக்க, பதில் சொல்லு என்று. மலை தட்டியது. அவள் சிரித்தாள். உள்ளே வந்ததும் தாம்சின் சொன்னாள், "ஐவி, இன்னிக்கு ரொம்பத் தட்டுறாங்க. ஏதோ வேணும் போல." ஐவி சொன்னாள், "மரம் முறியுது, பேசாம படு."

அவன் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஐவி அழுதாள். சத்தமில்லாமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயம்.

டூலி தொப்பியைக் கழற்றிக்கொண்டான். "பேசாம விட்டுடலாம், ஐவி. நானும் மறந்துடறேன். சிமெண்ட் வச்சுடுவாங்க. தாம்சினுக்கு இவன் மெல்பர்ன்ல உயிரோட இருக்கான். இது தெரிஞ்சா அவ என்ன ஆவா? பேஸ்ட்டி ஓரம் வச்ச பொம்பளை அவ."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டால் தாம்சின் சாகிற வரை சனிக்கிழமை சுட்டுக்கொண்டிருப்பாள். எடுத்தால் ஜாகோவுக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லறைக் கல் கிடைக்கும். ஆனால் தட்டினது யார் என்று தாம்சினுக்குத் தெரிந்துபோகும். ஐவி அந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசப்படியை மிதிக்காதே என்று அவள்தான் சொன்னாள்.

"வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்றாள். "இந்த பூட்ஸோடயே."

சுத்தியலை எடுத்துத் தண்ணீர் ஆழமாய்த் தேங்கின குழியில் போட்டாள். குழிந்த சுவரில் கைகையாய்ச் சேற்றை அள்ளி அப்பினாள். டூலியும் இரண்டு கை அள்ளிக் கொடுத்தான்.

போலீஸ்காரரும் நாலு சுரங்க ஆட்களும் வந்து மத்தியானம் அவனை வெளியே எடுத்து இறக்கினார்கள். தூக்கிக்கொண்டு வர வேறு பாதை இல்லை, கொல்லை வழியாகத்தான் வர வேண்டும். கொட்டகையில் பலகைமேல் கிடத்துவதற்குள் வெளிச்சம் அதன் வேலையைச் செய்துவிட்டது. பூட்ஸ், விரல், முகம் இருந்த இடம், எல்லாம் நீலம். சாகசம் பேசுகிற சுரங்க ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நழுவினார்கள்.

தாம்சின் கடைப் பையோடு வந்து நின்றாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க இருந்தான்?"

"இங்கதான்" என்றாள் ஐவி. "பின்னால."

"உடனே போயிட்டானா?"

"உடனே. கூரை தலையில விழுந்திருக்கு. அவனுக்கே தெரிஞ்சிருக்காது. போலீஸ்காரரும் அப்படித்தான் சொல்றார்."

தாம்சின் எங்கும் உடையாத அந்த மண்டையோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். உள்ளே போய்க் கெட்டிலை வைத்தாள்.

அடக்கம் நடந்தது. மெல்பர்னில் குடித்தனம் வைத்த ஊரே வரிசையாக நின்று மண் போட்டது, நானும் போட்டேன். எங்களில் ஒருவருக்காவது வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. கம்பெனிக்காரன் வாயைச் சிமெண்டால் அடைத்தான். டூலி மலைக்குப் போவதை விட்டுவிட்டான். தாம்சின் முட்டைக்கோஸை வேரோடு பிடுங்கி எரித்தாள். ஐவி கொல்லையில் வாயைத் திறப்பதில்லை. தெருப் பெண்கள் கெட்டில் வைக்க மறந்து திண்டாடினார்கள்.

முதல் சனிக்கிழமை தாம்சின் இரண்டு பேஸ்ட்டி மட்டும் சுட்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஐவி தப்பித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

நவம்பர் வாக்கில் ஒரு சாயங்காலம். ஐவி கொடியிலிருந்து கடைசித் துப்பட்டியை உருவிக்கொண்டிருந்தாள். மலை தட்டியது. டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

அவள் அப்படியே நின்றாள். பின்கதவு திறந்தது. தாம்சின் மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் விளக்கோடு வந்தாள். அவள் கையில் பேஸ்ட்டி ஓரம் இல்லை.

"மரம் முறியுது, தாம்சின்" என்றாள் ஐவி. அவளையறியாமல் வாயில் வந்தது.

"அப்பவும் அதைத்தான் சொன்ன."

ஐவி துப்பட்டியை மடிக்கத் தொடங்கினாள்.

"நீ என்ன சொன்னாலும் எனக்குத் தெரியும்" என்றாள் தாம்சின். கோபமாகச் சொல்லவில்லை. "அந்த வாரம் அவன் வரலை. அவனுக்குச் சுட்டது அப்படியே கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு அதுலேருந்துதான் பிச்சேன். ஜே எழுதின மூலையைத்தான் கம்பத்து மேல வச்சேன். அவனோடதை வச்சுட்டு, திரும்பிப் பாக்காம உள்ள வந்துட்டேன்."

ஐவி துப்பட்டியைக் கூடையில் போட்டாள். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "நான் கூப்பிட்டேன், தாம்சின். அவன் பதில் சொன்னான். நான் சிரிச்சேன்" என்றாள்.

"தெரியும். நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

இருவரும் வேலியைத் தாண்டினார்கள். பெரணிக்கு நடுவே புதுச் சிமெண்ட் வெளுப்பாகத் தெரிந்தது. தாம்சின் விளக்கைப் பிடிக்க, ஐவி சிமெண்டில் காதை வைத்தாள். ஈரம் சில்லென்று இருந்தது. பிறகு வாயை வைத்துக் கேட்டாள்.

"யார் இருக்கீங்க உள்ள?"

தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தாம்சினும் காதை வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் நின்றார்கள்.

அதற்கப்புறம் ஐவி மாறிப்போனாள். சோதனைக்கூடத்தில் மிச்சத்துக்குப் பேர் வைப்பதை அவள் நிறுத்தினாள். நூறு நிரம்பவில்லை என்றால், நிரம்பவில்லை, தெரியவில்லை என்றே எழுதினாள். ஆல்டஸ் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மலை தட்டினால், மழையானாலும் காய்ச்சலானாலும், இரண்டு கிழவிகளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். தாம்சின் செத்த பிறகு ஐவி தனியாக ஏறினாள். பித்து என்று சொன்னவர்கள் உண்டு. நான் சொல்லவில்லை.

சிமெண்டில் காதை வைத்துக் கூப்பிடுவாள், பதிலுக்குக் காத்திருப்பாள், மறுபடி கூப்பிடுவாள். உள்ளே யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் இறங்குவாள்.